வரத்துக்கால் இல்லாத குளம்

“இதை யாருத்தா வெட்டுனது?”

வால்டன் குளத்தங்கரையில் நின்று அப்பா கேட்ட முதல் கேள்வி இது. 2016 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வந்திருந்தார்கள். பாஸ்டனுக்கு மேற்கே, கான்கார்டு என்கிற சின்ன ஊரின் ஓரத்தில் இருக்கிறது இந்தக் குளம். ‘வால்டன்’ என்ற புத்தகத்தை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845 முதல் 1847 வரை இதன் கரையில் ஒரு சிறிய வீடு கட்டித் தங்கியிருந்ததால் உலகமெங்கும் பெயர் தெரிந்த இடம். அந்தக் கதையைத்தான் நான் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா காதில் ஏறவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிர்க்கரையையே பார்த்தார்.

“யாரும் வெட்டலப்பா. தானா உண்டானது.”

“தானா எப்பிடித்தா குளம் உண்டாகும்?”

சிவகங்கைச் சீமைக்காரர் வேறு எப்படிக் கேட்பார்? காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் மனிதர் கைபட்ட இடம். குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய், சாமிக்குத் தெப்பக்குளம். ஒவ்வொன்றுக்கும் வெட்டியவர் பெயரோ வெட்டிய கதையோ இருக்கும். தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால், வயலுக்குத் திறக்கும் மடை, மிஞ்சியது வழியும் கலுங்கு, இந்த மூன்றையும் பார்க்காமல் ஒரு நீர்நிலையைப் பார்த்துவிட்டதாக அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். அன்றைக்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கரையைச் சுற்றிய பாதை இரண்டே முக்கால் கிலோமீட்டர் இருக்கும். அம்மா முழங்கால் வலியால் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வேட்டி விளிம்பெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தார்.

“வரத்தும் இல்ல, கலுங்கும் இல்ல. தண்ணி எங்கிட்டு வருது, எங்கிட்டுப் போகுது?”

இந்தக் குளத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய சரியான கேள்வியே அதுதான். வால்டனுக்குள் எந்த ஓடையும் விழுவதில்லை, அதிலிருந்து எந்த ஓடையும் புறப்படுவதில்லை. உள்ளே வரும் தண்ணீரில் பாதிக்குக் கொஞ்சம் மேல் நேரே விழும் மழையும் பனியும். மீதி, கிழக்குப் பக்கத்து மணலுக்குள்ளிருந்து ஊறி வரும் நிலத்தடி நீர். மேற்குப் பக்கத்து மணல் வழியே அது கசிந்து வெளியேறுகிறது. உள்ளிருக்கும் தண்ணீர் முழுக்க மாறுவதற்குச் சுமார் 5 வருடம் ஆகும். பூமிக்கடியில் நகர்ந்துகொண்டிருக்கும் தண்ணீர், ஒரு பள்ளத்தில் மட்டும் வெயிலைப் பார்த்துவிட்டுப் போகிறது.

சொல்லி முடித்ததும் அப்பா தலையை ஆட்டினார். “அப்ப இது குளமில்லத்தா, கெணறு.”

பிறகு கொஞ்சம் யோசித்து, “கெணத்தையும் யாராச்சும் தோண்டணுமே” என்றார்.

தோண்டியது பனி. இந்த ஒற்றை வாக்கியத்தை அவருக்குப் புரியவைக்க எனக்கு அன்று மாலைவரை ஆனது. கடைசியில் புரியவைத்ததும் நானில்லை, அவர் நினைவில் இருந்த ஒரு சர்பத் கடை.

20,000 ஆண்டுகளுக்கும் முன்பு, வட அமெரிக்காவின் மேல்பாதி முழுக்க லாரன்டைடு பனிப்பாளம் போர்த்தியிருந்தது. இன்றைய பாஸ்டன் இருக்கும் இடத்தில் அதன் கனம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். மலையில் இறங்கும் பனியாறு போலக் குறுகலானது இல்லை, கண்டம் அளவுக்கு விரிந்த ஒரே பாளம். தன் பாரத்தாலேயே அடியில் நசுங்கித் தெற்கே நகர்ந்தது. நகர்ந்த வழியில் பாறையைப் பெயர்த்தது, அரைத்தது, சுமந்து வந்தது. மாசசூசெட்ஸுக்குத் தெற்கே கடலில் இருக்கும் மார்த்தாஸ் வினியார்டு, நான்டக்கெட் தீவுகள் அந்தப் பயணத்தின் கடைசி எல்லை. பனி அங்கே நின்று, சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் கொட்டியது. அந்தக் குவியல்தான் தீவாக நிற்கிறது. ‘மொரைன்’ என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்.

அவ்வளவு தண்ணீரும் பனியாகத் தரையில் உட்கார்ந்துவிட்டதால் உலகமெங்கும் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இறங்கியிருந்தது. பாக் நீரிணை அவ்வளவு ஆழமில்லை. அது அப்போது தரை.

“அப்ப ராமேஸ்வரத்துல இருந்து மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம்ங்குற.”

“போயிருக்கலாம்ப்பா.”

“கீழடியெல்லாம் இதுக்கு அப்புறமா?”

“ரொம்ப ரொம்ப அப்புறம்.”

உலகம் மெல்லச் சூடேற, பனிப்பாளத்தின் விளிம்பு வடக்கே பின்வாங்கத் தொடங்கியது. கான்கார்டு வட்டாரத்தில் தண்ணீர் இயல்பாக வடக்கு நோக்கி ஓடும். வடக்கிலோ பனி அணைபோல நின்றது. உருகிய நீர் போக வழியின்றித் தேங்கி இங்கே பெரிய ஏரிகளாயிற்று. சட்பரி பனியேரி, கான்கார்டு பனியேரி என்று நிலவியலாளர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உருகுநீர் ஓடைகள் மணலையும் சரளையையும் அந்த ஏரிகளில் கொண்டுவந்து கொட்டின. அதே சமயம் பனியின் விளிம்பு உடைந்து பெரிய பெரிய துண்டுகள் கழன்றன. ஒரு துண்டு சின்னக் குன்றின் அளவு இருக்கும். அப்படிக் கழன்று தரைதட்டி நின்ற துண்டுகளைச் சுற்றியும் மேலேயும் மணல் மூடியது.

இந்த இடத்தில்தான் அப்பா என்னை நிறுத்தினார். “மண்ணு மூடிட்டா ஐஸு சீக்கிரம் கரையாதே.”

ஆமாம். மணல் போர்த்திய பனி நெடுங்காலம் உள்ளேயே கிடந்தது. பனிப்பாளம் வடக்கே வெகுதூரம் போன பின்னும், மேலே புல் முளைத்த பின்னும்கூட, சில துண்டுகள் மண்ணுக்குள் இருந்திருக்கும்.

அப்பா தன் சின்ன வயதுக்குப் போய்விட்டார். அப்போது எங்கள் பக்கத்தில் ஐஸ் தயாரிக்கும் ஆலை கிடையாது. மதுரையிலிருந்து பஸ் கூரைமேல் ஐஸ் பாளம் வரும். பஸ் நிலையத்துக்கு எதிரே நன்னாரி சர்பத் கடைக்காரர் அதை இறக்கி, தரையில் உமி பரப்பி, பாளத்தை வைத்து, மேலும் உமி கொட்டி, ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிடுவார். கேட்கிறவருக்கு ஓரத்தில் கொஞ்சம் ஒதுக்கி, ஆணியால் குத்தி, உமியைக் கழுவிக் கொடுப்பார்.

“மறுநா காலைல போயி சாக்கைத் தூக்கிப் பாத்தா, ஐஸு இருக்காது. ஆனா உமி அப்பிடியே நடுவுல அமுங்கிக் குழியாக் கெடக்கும். அடியில தண்ணி நிக்கும்.”

நான் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. வால்டன் உண்டான விதத்தை நான் படித்த எந்த விளக்கத்திலும் இவ்வளவு துல்லியம் கிடையாது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் புதைந்த பனித்துண்டு உருக உருக, மேலே இருந்த மணல் உள்வாங்கி அமுங்கியது. குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதால் தண்ணீர் நின்றது. இப்படி உண்டானவற்றை இங்கே ‘கெட்டில்’ குளங்கள் என்கிறார்கள். வால்டனின் அடியில் ஒரு குழியில்லை, பல குழிகள். ஆகவே அந்தத் துண்டும் ஒன்றல்ல, அருகருகே கிடந்த பல.

கரையில் குனிந்து ஒரு கைப்பிடி சரளை அள்ளினால் இதெல்லாம் உள்ளங்கையிலேயே தெரியும். சாம்பல்நிறக் கருங்கல் துணுக்கு, துருப்பிடித்தாற்போல் ஒன்று, வெள்ளைப் படிகக்கல், கறுப்பு வரியோடிய தட்டைக் கல், எல்லாம் முனை மழுங்கி உருண்டவை. ஒரே இடத்துப் பாறை உடைந்தால் ஒரே நிறமாக இருக்கும். இவை வடக்கே வெவ்வேறு மலைகளிலிருந்து பெயர்ந்து, பனிக்கடியில் அரைபட்டு, உருகுநீரில் உருண்டு இங்கே ஒன்றாகச் சேர்ந்தவை. அப்பா நான்கைந்தை எடுத்து வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். எடுக்கக்கூடாது என்று சொன்னேன். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்பப் போட்டார்.

குளத்துக்கு அடியே இல்லை என்று அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் நம்பினார்களாம். எங்கள் தெப்பக்குளத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. தோரோ 1846-ல், குளம் உறைந்திருந்தபோது அதன்மேல் நடந்துபோய், நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஓட்டை போட்டு, நூலில் கல் கட்டி இறக்கி அளந்தார். மிக ஆழமான இடம் 102 அடி. இன்றைய கருவிகள் காட்டுவதும் ஏறக்குறைய அதே கணக்குதான். நில அளவைக்காரராகவும் வேலை பார்த்த அந்த மனிதரின் கைச்சுத்தம் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

அதே 1846-ல் லூயி அகாசிஸ் கப்பலேறி பாஸ்டனுக்கு வந்தார். சுவிட்சர்லாந்துக்காரர். ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது என்று 1837-ல் அறிவித்து, அறிஞர் கூட்டத்தின் எரிச்சலைச் சம்பாதித்தவர். பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரானார். தோரோ வால்டனிலிருந்து மீனும் ஆமையும் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார். பனியுகத்தைக் கண்டு சொன்ன அதே அகாசிஸ், கறுப்பின மக்கள் தனி இனம், தாழ்ந்த இனம் என்றும் அமெரிக்காவுக்கு வந்த பின் கடைசிவரை பேசினார். அதைச் சொல்லாமல் அவர் பெயரை என்னால் எழுத முடியாது. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரில் அவர் பெயரில் இருந்த பள்ளிக்கு 2002-ல் மரியா பால்டுவின் என்ற கறுப்பினத் தலைமையாசிரியரின் பெயரை வைத்தார்கள். எனக்கு அது மிகவும் நிறைவு தந்த செய்தி. அகாசிஸின் கல்லறை கேம்பிரிட்ஜ் அருகே மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் இருக்கிறது. மேலே செதுக்காத ஒரு பாறாங்கல். சுவிட்சர்லாந்தில் அவர் ஆராய்ந்த ஆர் பனியாற்றின் மொரைனிலிருந்து கொண்டுவந்தது.

அந்த இடுகாட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு கெட்டில் குளம், ஃப்ரெஷ் பாண்டு. இன்று கேம்பிரிட்ஜ் நகரத்தின் குடிநீர்த் தேக்கம். எனக்கு வால்டனைவிட இதன்மேல் பாசம் அதிகம், காரணம் சென்னை.

பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டி வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பியவர். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் சரக்கு. அவர் ஐஸ் எடுத்த குளங்களில் முக்கியமானது ஃப்ரெஷ் பாண்டு. அதன் கரையில் வாழ்ந்த நத்தானியல் வைத் 1825-ல் குதிரை பூட்டி ஐஸ் அறுக்கும் கலப்பை போன்ற கருவி செய்தார். அதன்பிறகு உறைந்த குளத்தை வயல்போலக் கோடுபோட்டு உழுது, சதுரம் சதுரமாகப் பெயர்த்தெடுத்தார்கள். 1833-ல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஐஸ் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்கும் பயணம். போய்ச் சேர்ந்தபோது 100 டன் மிச்சம் இருந்தது. இந்த வியாபாரத்தில் ஐஸைப் பொதிந்து வைக்கப் பெரும்பாலும் பயன்பட்ட பொருள், மரத்தூள்.

சென்னையில் அந்த வியாபாரத்துக்காகக் கட்டிய கிடங்குதான் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம். 1842-ல் கட்டியது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழக்கடலில் நிற்க, சரக்கு மசூலாப் படகுகளில் அலைதாண்டிக் கரைக்கு வரும் காலம். இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் கட்டடத்தை வாங்கினார். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கிப் பேசினார். ஆனாலும் திருவல்லிக்கேணியில் பேருந்து நடத்துநர் இன்றைக்கும் “ஐஸ் ஹவுஸ் எறங்கு” என்றுதான் கூப்பிடுகிறார். கல்லூரிக் காலத்தில் நான் நான்கு வருடம் அந்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறேன். அது எந்தக் குளத்து ஐஸ் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பனி மணலில் பொதிந்து கிடந்ததால் குளம் உண்டானது. அந்தக் குளத்துப் பனி மரத்தூளில் பொதிந்து வந்ததால் சென்னையில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் கிடைத்தது. ஃப்ரெஷ் பாண்டைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் ஊரில் இருப்பதுபோல இருக்கும்.

1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டனுக்கும் வந்தார்கள். வெட்டிய ஐஸைக் கரையில் மலையாக அடுக்கி, வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். சுமார் 10,000 டன் இருக்கும் என்பது தோரோவின் கணக்கு. அதில் பெரும்பகுதி சந்தைக்கே போகவில்லை. அடுத்த கோடையும் தாண்டி, 1848 செப்டம்பர்வரை கரையிலேயே இருந்து மெல்ல உருகிக் குளத்துக்குத் திரும்பியது. சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போகிறார்கள் என்று தோரோ எழுதியிருக்கிறார். கிணறு என்றுதான் அவரும் சொல்கிறார். அப்பாவிடம் இதைப் படித்துக்காட்டியபோது, “பாத்தியா” என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

இனி எங்கள் வீட்டுக் கொல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2014 இலையுதிர்காலத்தில் இந்த வீட்டை வாங்கினோம். கொல்லை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம். இரண்டு கார் நிறுத்தலாம், அவ்வளவுதான். வாங்கும்போது காய்ந்த இலை நிரம்பிக் கிடந்தது. மார்ச்சில் பனி உருகியதும் தண்ணீர் நின்றது. எனக்குக் கொசு பயம், மகளுக்கு அப்போது 3 வயது. தோட்டவேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் பார்த்துவிட்டு, இரண்டு லாரி மண் அடித்தால் போதும், புல் போட்டு ஊஞ்சல் நடலாம் என்றார். தேதிகூடக் குறித்துவிட்டோம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி நல்ல மழை. அந்த வருடத்தின் முதல் வெதுவெதுப்பான மழை. ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அம்மாள். எழுபது வயது தாண்டியவர், மழைக்கோட்டும் முழங்கால் உயர பூட்ஸும் கையில் டார்ச்சுமாக நின்றார். “உங்கள் கொல்லைப் பக்கம் வரலாமா? இன்றைக்குத்தான் அந்த ராத்திரி” என்றார். ஒன்றும் புரியாமல் குடை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

டார்ச் வெளிச்சத்தில் ஈர இலைகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது. ஒரு சாண் நீளம். தார்போலக் கறுப்பு, முதுகின் இருபுறமும் மஞ்சள் பொட்டுகள், யாரோ மஞ்சளைக் குழைத்து விரல்நுனியால் வரிசையாகத் தொட்டு வைத்ததுபோல. புள்ளிச் சாலமண்டர். பல்லியைப் போன்ற வடிவம், ஆனால் செதிள் இல்லாத வழவழப்பான உடம்பு, தவளையின் உறவு. அவசரமே இல்லாமல் ஒரு காலை வைத்து, நின்று, அடுத்த காலை வைத்துப் பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வேலியோரம் மூன்று. அந்த அம்மாள் அன்று 40 வரை எண்ணினார். நான் எண்ணும் நிலையில் இல்லை.

வருடம் முழுக்க இவை காட்டு மண்ணுக்கடியில், எலி வளைகளில் இருக்கும். இந்த ஒரு மழைக்குக் காத்திருந்து, பிறந்த அதே குளத்துக்கு முட்டையிட நடந்து வரும். 20 வருடம்கூட வாழும். அன்று என் காலடியில் போனவற்றில் சில, நான் அமெரிக்காவுக்கு வருவதற்கு முன்பிருந்தே அந்தப் பள்ளத்துக்கு வந்துபோனவை.

இந்த மாதிரி வசந்தக் குட்டைகள் கோடையில் வற்றிவிடும். வற்றுவதுதான் அவற்றின் உயிர். வற்றுகிற தண்ணீரில் மீன் இருக்க முடியாது, மீன் இல்லாத தண்ணீரில்தான் சாலமண்டர் முட்டையும் ‘வுட் ஃப்ராக்’ என்கிற காட்டுத்தவளையின் முட்டையும் பிழைக்கும். அந்தத் தவளை குளிர்காலத்தில் இலைச் சருகுக்கடியில் உண்மையாகவே உறைந்துபோகும். இதயம் நின்றுவிடும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிக்கொண்டு உயிரணுக்களைக் காப்பாற்றி, வசந்தத்தில் உருகி எழுந்து குட்டைக்கு வரும். அதன் முட்டைக்கொத்தை அடுத்த வாரம் பார்த்தேன். ஊறவைத்த சப்ஜா விதையை ஒரு கிண்ணம் கவிழ்த்ததுபோல இருந்தது. தேவதை இறால் என்று இங்கே சொல்லும் ஒரு பூச்சியளவு உயிரும் உண்டு. குட்டை வற்றிய பிறகு அதன் முட்டை மண்ணிலேயே காய்ந்து கிடந்து, தண்ணீர் வந்ததும் பொரிக்கும்.

லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாசசூசெட்ஸில் 1972-ல் வந்த ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் ஈரநிலத்தின் ஓரத்திலிருந்து 100 அடிவரை அனுமதியின்றி மண்ணைத் தொடவிடாது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஆனால் தடுத்தது சட்டமில்லை, அந்த அம்மாள். மறுவாரம் அவரும் நானும் முட்டைக்கொத்துகளைப் படமெடுத்து மாநில வனவிலங்குத் துறைக்கு அனுப்பினோம். எங்கள் பள்ளம் சான்றளித்த வசந்தக் குட்டையாகப் பதிவேட்டில் ஏறியது.

அது எப்படி அங்கே வந்தது என்று தேடத் தொடங்கியபோதுதான் பனிக்கதை எனக்குத் தெரியவந்தது. வால்டனைத் தோண்டிய அதே பனி, அதே வகை மணல். அங்கே பெரிய துண்டு புதைந்தது, இங்கே சின்னது. வால்டனின் அடி நீர்மட்டத்துக்கு மிகக் கீழே இருக்கிறது, எப்போதும் தண்ணீர். எங்கள் குழியின் அடி நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. பனி உருகி நீர்மட்டம் ஏறும்போது நிரம்பும், மரங்கள் துளிர்விட்டு உறிஞ்சத் தொடங்கியதும் இறங்கி, ஜூலையில் காய்ந்துவிடும்.

இங்கிருந்து பத்து நிமிடம் கார் ஓட்டினால் கிரேட் மெடோஸ் சரணாலயம். கான்கார்டு ஆறு அதில் நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. காரணம், அது ஓடுவது ஒரு பழைய பனியேரியின் தட்டையான அடித்தரையில். பூர்வகுடிகள் இந்த இடத்தை மஸ்கெட்டாகுவிட் என்றார்கள். புல்வெளி ஆறு என்று பொருள்.

சில கெட்டில் குழிகளில் பாசி வளர்ந்து தண்ணீரையே மூடிவிடும். ஸ்பேக்னம் என்ற அந்தப் பாசி தண்ணீரைப் புளிக்க வைக்கும். புளித்த நீரில் எதுவும் எளிதில் மக்காது. பாசிமேல் பாசி அடுக்கி அடுக்கி ஆயிரக்கணக்கான வருடத்துச் சேமிப்பு. பூச்சி தின்னும் குடுவைச் செடி அங்கேதான் வளரும். இத்தகைய சேற்று நிலத்தின் பழம் கிரான்பெரி. 1816-ல் மாசசூசெட்ஸின் கேப் காடு தீபகற்பத்தில் ஹென்றி ஹால் என்பவர், கடற்கரை மணல் பறந்து வந்து மூடிய கொடிகள் நன்றாகக் காய்ப்பதைக் கண்டு பயிர்செய்யத் தொடங்கினார். அடியில் களிமண், மேலே பாசிமண், பக்கத்திலேயே மணல், வேண்டிய நேரம் தண்ணீர் என எல்லாமே பனி வைத்துவிட்டுப் போனவை. அந்த வருடம் அம்மா அக்டோபர்வரை இருந்தாள். கடையில் முதல் கிரான்பெரி வந்ததும் ஒன்றைக் கடித்து முகம் சுளித்து, “புளியே வேணாம்டி இதுக்கு” என்று நல்லெண்ணெயில் பெருங்காயமும் வெந்தயப்பொடியும் போட்டுத் தொக்குக் கிண்டினாள். இப்போது எங்கள் வீட்டில் மாங்காய்த் தொக்கை யாரும் தேடுவதில்லை.

பனி கொடுத்ததை மனிதர்கள் அள்ளித் தீர்த்த கதையும் இங்கே உண்டு. பாஸ்டனில் இன்று மிக விலையுயர்ந்த வீடுகள் நிற்கும் பேக் பே ஒரு காலத்தில் கடல்நீர் ஏறியிறங்கும் சதுப்பு. 1858-லிருந்து நீடம் என்ற ஊரின் சரளை மேடுகளை வெட்டி, இரவும் பகலும் ரயிலில் கொண்டுவந்து அதை நிரப்பினார்கள். அந்த மேடுகளும் பனிப்பாளம் விட்டுச்சென்றவை. ஒரே வேலையில் மேடும் போனது, சதுப்பும் போனது. நல்லவேளை, வால்டனை யாரும் நிரப்பவில்லை. ஆனால் வெளியேற ஓடையில்லாத குளம் என்பதால் உள்ளே விழுவது உள்ளேயே தங்குகிறது. கோடையில் ஆயிரக்கணக்கில் குளிக்க வருகிறவர்களின் சிறுநீர்கூடப் பாசிக்கு உரமாகிக் குளத்தைப் பாதிப்பதாக ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். குளிக்குமுன் கழிவறைக்குப் போய்வரச் சொல்லி என் மகளிடம் நான் கண்டிப்பாக நிற்பது இதனால்தான்.

பனியும் குறைந்துகொண்டு வருகிறது. தோரோ குறித்துவைத்த ஆண்டுகளில் வால்டனின் பனி உடைவது சராசரியாக ஏப்ரல் 1 வாக்கில். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பிரைமாக் அந்தக் குறிப்புகளோடு இன்றைய நிலவரத்தை ஒப்பிட்டார். இப்போது மார்ச் நடுவிலேயே உடைந்துவிடுகிறது. என் கொல்லையிலும் அந்த ராத்திரி சில வருடம் மார்ச் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

எங்கள் ஊர்க் கண்மாய் தூர்ந்தால் மராமத்துப் பார்க்கலாம். கரை உடைந்தால் ஊர்கூடிக் கட்டலாம், அழிந்தேபோனால் இன்னொன்று வெட்டலாம். செய்யாமல் விட்டதற்கு நாம் வெட்கப்படலாம், ஆனால் செய்ய முடியும். இந்தப் பள்ளத்தை நான் அன்று நிரப்பியிருந்தால், பிறகு மனம் மாறி இயந்திரம் வைத்துத் தோண்டினாலும் குழிதான் கிடைக்கும். அந்த 40 சாலமண்டர்களும் பழைய ஞாபகத்தில் வந்து புல்தரையில் தேடியிருக்கும். இதை நினைக்கும்போது இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்பா வந்த ஆகஸ்டில் குட்டை காய்ந்து கிடந்தது. கதையெல்லாம் சொன்னேன். ஒரு குச்சியால் சருகைக் கிளறி, அடியில் இருந்த கறுப்பு மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். “வண்டல்தான்” என்றார். சாலமண்டரும் இல்லை, தவளையும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. மகள் சொல்கிறாளே என்று கேட்டுக்கொண்டார். அதன்பிறகு அவரால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியவில்லை.

போன மார்ச்சில் ஒரு மாலை, மழை விட்டு மூட்டமாக இருந்தபோது குட்டையிலிருந்து சத்தம் கிளம்பியது. மணி எட்டரை. ஊரில் காலை ஆறு, அப்பா காபி குடிக்கும் நேரம். வாட்ஸ்அப்பில் அழைத்து, ஒன்றும் சொல்லாமல், செருப்பில்லாமலே ஈரத்தில் நடந்துபோய்த் தண்ணீர் ஓரம் கைபேசியை நீட்டிப் பிடித்தேன். இருபது முப்பது ஆண் தவளைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்தின. இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு காதில் வைத்தேன்.

“என்னத்தா,” என்றார் அப்பா, “வாத்து வளக்குறியா?”